இடது கையின் அளவு

எனக்குக் கண்ணளவு உண்டு என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கடை வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்தே கழுத்து பதினைந்தரை, வலது தோள் கொஞ்சம் இறக்கம் என்று சொல்லிவிடுவேன். அப்புறம் டேப் வைத்துப் பார்த்தால் கால் இஞ்சு தப்பாது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு, இதுதான் என் திமிரும். அந்தத் திமிரோடுதான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

என் மகளுக்கு எட்டு வயது. ஓர் இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் இடது கையில் ஒரு கோடு வந்தது. தோளில் ஆரம்பித்து, முழங்கையைத் தாண்டி, மணிக்கட்டு வரைக்கும். யாரோ சாக்கட்டியால் இழுத்துவிட்டதைப் போல நேராக, ஒரு விரல் அகலத்துக்கு, இளஞ்சிவப்பாக. பக்கத்துக் கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, சில குழந்தைகளுக்கு இப்படிக் கோடு கோடாக வரும், ஒரு வருடத்தில் தானாகப் போய்விடும் என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். என் நாத்தனார் மகனுக்குக் காலில் அப்படி ஒரு கோடு வந்து, போன இடம் தெரியாமல் போயிருந்தது. அதனால் நாத்தனாரும் பாதி டாக்டராகி, "இதுக்கெல்லாம் அலையாதீங்க, பையனுக்குப் போகலையா?" என்று போனிலேயே வைத்தியம் பார்த்தாள். அவள் மகனுக்கு வந்தது வேறு கோடு, இவளுக்கு வந்தது வேறு கோடு என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

இவளுடைய கோடு போகவில்லை. வெளுத்தது, பளபளவென்று ஆனது, தடித்தது. கிள்ளிப் பார்த்தால் தோல் விரலுக்குள் வராது. பள்ளிக்கூடச் சட்டைக்கு அரைக்கைதான். மற்ற பிள்ளைகள் பார்த்து ஏதாவது கேட்பார்களே என்று தலைமை ஆசிரியையிடம் பேசி, இவளுக்கு மட்டும் முழுக்கை வைத்துத் தைத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே நான்தான் யூனிஃபார்ம் தைக்கிறேன், அதனால் அவர் மறுக்கவில்லை. தினமும் காலையில் கோட்டுக்குக் களிம்பு தடவி, சட்டையை மாட்டி அனுப்புவேன். கோட்டைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

விளையாட்டு டீச்சர்தான் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். பந்தைப் பிடிக்கும்போது இடது கை முழுசாக நீளவில்லையாம். அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை மட்டும் வரும் தோல் டாக்டரம்மா, மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த டோக்கன்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வெடுக் வெடுக்கென்று பேசினாலும் கை மெதுவாக இருந்தது. பட்டாணியின் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்திக்கொண்டே போனார். முழங்கையில் நின்றார். கையை நீட்டச் சொன்னார். அவள் நீட்டினாள். கொஞ்சம் மடங்கியே இருந்தது. இரண்டு கைகளையும் டேப் வைத்து அளந்தார்.

"குழந்தை வயித்துல உருவாகும்போது தோல் எந்தெந்த வழியா வளர்ந்துச்சோ, பெரும்பாலும் அந்த வழியிலதான் இந்தக் கோடு ஓடும். எல்லார் உடம்புலயும் அந்த வழி இருக்கு, வெளியில தெரியறதில்ல," என்றார்.

"எங்க ஒட்டுப் போட்டுத் தைச்சாங்கன்னு இவளுக்கு மட்டும் தெரியுது," என்றேன். டாக்டரம்மா சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் எந்த ஸ்க்ரூ எப்போது கழன்று விழும் என்றே யோசிக்கிற மனிதர்.

சிரிப்பு அதோடு முடிந்தது. டாக்டரம்மா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது மேல் தோலோட நிக்கற நோய் இல்லம்மா. கீழ இறங்கும். தசை, எலும்பு வரைக்கும் போகும். வளர்ற பிள்ளைக்கு அந்தக் கை வளர்றதையே நிறுத்திடும். மூட்டு மேல போச்சுன்னா மூட்டு மடங்கினபடியே இறுகிடும். இப்பவே இடது கை, வலது கையை விட ரெண்டரை சென்டிமீட்டர் குறைச்சலா இருக்கு."

மனதுக்குள் இஞ்சாக மாற்றினேன். ஒரு இஞ்சு.

"சரியாகிடுமா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"போன நீளம் போனதுதான். இனிமே போகாம தடுக்கலாம். ஆனா அதுக்கு எனக்கு ஒண்ணு தெரியணும். நோய் இன்னும் ஓடிட்டிருக்கா, இல்ல ஓடி முடிஞ்சு நின்னுடுச்சா? ஓடிட்டிருந்தா இன்னிக்கே மருந்து ஆரம்பிக்கணும். வாரத்துக்கு ஒரு ஊசி, கூட மாத்திரை. லேசுப்பட்ட மருந்து இல்ல. அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும். வாந்தி வரும், சளி காய்ச்சல் சீக்கிரம் பிடிக்கும். நின்னு போயிருந்தா அந்த மருந்தால ஒரு பிரயோஜனமும் இல்ல, பிள்ளைக்கு அவஸ்தைதான் மிச்சம். தோலைப் பார்த்தா ரெண்டு மாதிரியும் சொல்லலாம் போல இருக்கு. அதனால உங்களைக் கேக்கறேன். இந்த வித்தியாசம் முன்னாடியிலிருந்தே இருக்கா, இல்ல இப்ப வந்துச்சா? பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

போட்டோக்களில் எல்லாம் முழுக்கைதான். அந்தப் பெருமையும் என்னுடையதுதான்.

ஊசி என்று கேட்டதும் பட்டாணியின் முகத்தில் ஈயாடவில்லை. வாராவாரம் இந்தப் பிஞ்சு உடம்பில் ஊசியா? எனக்கு அந்த மருந்து வேண்டாம். அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் என் மண்டைக்குள் வேறெதுவும் இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"முன்னாடியிலிருந்தே இருக்கு டாக்டர். நான் டெய்லர். இருபத்திரண்டு வருஷமா அளவு எடுக்கறேன். ரெண்டு கையும் ஒண்ணா இருக்கற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. ஒருத்தருக்கு தோள் இறங்கியிருக்கும், ஒருத்தருக்கு கை நீண்டிருக்கும். இவளுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா நானே அளவெடுத்துத் தைக்கறேன். மாறியிருந்தா என் கண்ணுக்குத் தப்பியிருக்காது." சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பையில் எடுத்துப் போயிருந்த அளவு நோட்டை மேஜை மேல் வைத்தேன்.

டாக்டரம்மா பட்டாணியின் பக்கத்தைப் புரட்டினார். கை நீளம்: பதினாறு, பதினாறரை, பதினேழு, பதினேழரை. ஆறு மாதத்துக்கு அரை இஞ்சாகக் கை அழகாக வளர்ந்திருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"சீரா வளர்ந்திருக்கு. வித்தியாசமும் பழசுன்னு சொல்றீங்க," என்று அவர் நோட்டை மூடினார். "அப்ப நோய் ஓய்ஞ்சு போச்சுன்னு எடுத்துக்கலாம். மருந்து வேணாம். கைக்குப் பயிற்சி மட்டும் எழுதறேன். ஆறு மாசம் கழிச்சு வாங்க. எல்லா அம்மாவும் உங்களை மாதிரி இருந்தா என் வேலை பாதி மிச்சம்."

நான் நாற்காலியில் அரை அடி உயர்ந்திருப்பேன். பட்டாணி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல," என்று சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெளியே வந்து அவளுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த வியாழக்கிழமை மதியம், கடையில் யூனிஃபார்ம் சட்டைகளுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் காஜா அக்கா உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பட்டன் துளைக்குக் காஜா போடுவதிலேயே முப்பது வருடத்தை ஓட்டியவள், அதனால் அவளுக்குச் சொந்தப் பெயர் மறந்தே போயிற்று. நான் துணியை இரண்டாக மடித்து விரித்து, அளவு போட்டு, கத்தரியை ஓட்டினேன். ஒரே வெட்டில் இரண்டு கைகள் வந்தன. கஞ்சித் துணி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. பிரித்து இரண்டு கைகளிலும் பிடித்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லாமல் இரண்டும் ஒன்றாக இருந்தன.

இரண்டையும் அப்படியே மேஜையில் போட்டேன்.

"அக்கா, நாம கை அளவு எந்தக் கையில எடுப்போம்?"

காஜா அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "வெயில் ஏறிடுச்சா உனக்கு? வலது கையிலதான்."

"இடது கையில?"

"இடது கையில எதுக்கு எடுக்கணும்? துணியை மடிச்சுத்தானே வெட்டறோம்."

பதினாறு, பதினாறரை, பதினேழு, பதினேழரை. எல்லாமே வலது கை. என் மகளின் இடது கையில் நான் ஒரு தடவைகூட டேப்பை வைத்ததில்லை. முன்னாடியிலிருந்தே இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்ன அந்த ஒரு இஞ்சை, டாக்டரம்மா சொல்கிற வரைக்கும் நான் பார்த்ததே கிடையாது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பொய் சொல்லியிருக்கிறேன். அதற்குச் சாட்சியாக நோட்டையும் நீட்டியிருக்கிறேன்.

கடையை அக்காவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒட்டுத்துணிக்கு ஆகும் என்று பழைய சட்டைகளைக் கட்டிலுக்கடியில் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருப்பேன். அதை இழுத்துப் பிரித்தேன். பட்டாணியின் பழைய பள்ளிக்கூடச் சட்டைகள் இரண்டு கிடைத்தன. கொடியில் இந்த வருடத்துச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மூன்றையும் தரையில் விரித்தேன்.

சட்டைக் கை நீளமாகிப் போனால் விளிம்பு உள்ளங்கையில் விழும். எழுதும்போது மேஜையில் உரசும், சாப்பிடும்போது தட்டில் படும், அழுக்கேறி நூல் பிரியும். இது எந்த டெய்லருக்கும் தெரியும். இடது கை ஆரம்பத்திலிருந்தே குட்டை என்றால் மூன்று சட்டையிலும் இடது விளிம்பு ஒரே மாதிரி நைந்திருக்க வேண்டும். பார்த்தேன். மூன்றிலும் சுத்தமாக இருந்தது. வலது விளிம்பு எப்படியோ அப்படியே இடது விளிம்பும் இருந்தது. சட்டைக் கை நீளமாக விழவே இல்லை. ஒரு நிமிடம் உயிர் வந்தது. அப்படியானால் டாக்டரம்மா அளந்ததுதான் தப்பு என்றுகூட என் புத்தி போயிற்று.

அப்புறம் சட்டையை உள்பக்கமாகத் திருப்பினேன்.

இடது கை விளிம்பு உள்பக்கம் மடிக்கப்பட்டு, கையால் தைக்கப்பட்டிருந்தது. கோணல் மாணலான தையல். ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுநடுவே முடிச்சு. முதல் சட்டையில் நீல நூல். வெள்ளைச் சட்டைக்கு நீல நூல்! அடுத்ததில் வெள்ளை நூல், தையல் கொஞ்சம் தேறியிருந்தது. கொடியிலிருந்து எடுத்த சட்டையில், வெளியே நூல் தெரியாதபடி, நான் சொல்லிக் கொடுத்ததைப் போலவே தைத்திருந்தாள். நான் எங்கே சொல்லிக் கொடுத்தேன்? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

டேப்பை எடுத்தேன். இரண்டு தடவை அளந்தேன். முதல் சட்டையின் மடிப்பு கால் இஞ்சு. இரண்டாவதில் அரை. மூன்றாவதில் ஒரு இஞ்சு.

சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவற்றைத் திரும்ப மூட்டையில் திணித்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். டாக்டரே வேண்டாம் என்று சொன்ன பிறகு எனக்கென்ன? ஊசி இல்லை, வாந்தி இல்லை, மாதாமாதம் ரத்தம் எடுக்கிற வேலை இல்லை. ஆறு மாதம் கழித்துப் போனால் டாக்டரம்மாவே அளந்து கண்டுபிடித்துக்கொள்வார். ஆறு மாதத்தில் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்டுக்கொண்டேன். மடியில் இருந்த சட்டைகள்தான் அதற்குப் பதில் வைத்திருந்தன. மூட்டையைக் கட்ட மனம் வரவில்லை.

காலை ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தபோது நான் அந்த இடத்திலேயே இருந்தேன்.

"இதைப் பார்த்தீங்களா?" என்று மடிப்பைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "பார்த்திருக்கேனே. அயர்ன் பண்றது நான்தானே. நீ தைச்சதுன்னு நினைச்சேன்."

"இவ்வளவு கேவலமாவா நான் தைப்பேன்?" கத்திவிட்டேன். "பதிமூணு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க, என் தையலைப் பார்த்தா தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தையல் தெரியாது. உனக்குத் தெரியும்ல? நீ பார்த்தியா?"

மூக்குடைந்தது எனக்கு. பிறகு வலது கை விஷயத்தைச் சொன்னேன், டாக்டரம்மாவிடம் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அவங்களே மருந்து வேணாம்னு சொல்லிட்டாங்க," என்றார். "நாமளே போய், எங்க பிள்ளைக்கு ஊசி போடுங்கன்னு கேக்கணுமா?"

"அதைத்தான் நானும் ஒரு மணி நேரமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் மூன்று சட்டைகளையும் எடுத்து, மடிப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கால், அரை, ஒன்று. விரலால் தடவினார்.

"லிஃப்ட்ல கயிறு ஒரு இழை விட்டிருக்குன்னு கண்ணால பார்த்துட்டு, அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்னு ஆளை ஏத்தி அனுப்ப முடியுமா?" என்றார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. போயிடலாம்."

பட்டாணி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். ஒட்டுத்துணி மூட்டை பிரிந்து கிடந்ததையும், அவள் சட்டைகள் உள்பக்கம் திரும்பிக் கிடந்ததையும் பார்த்தாள். திருட்டு முழி முழித்தாள். அடிக்க மாட்டேன் வா என்று கூப்பிட்டு, இடது கையில் டேப்பை வைத்தேன். எட்டு வருடத்தில் முதல் தடவை. பதினாறரை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர் கார்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆறு மாசம் கழிச்சுன்னு போட்டிருக்கே. ஒரு வாரத்துலயே வந்து நின்னா எப்படி?"

"அவசரம் சார்."

"இங்க எல்லாருக்கும் அவசரம்தான்மா. அடுத்த மாசம் டோக்கன் இருக்கான்னு பார்க்கறேன்."

வேறு நாளாக இருந்தால் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு, டாக்டரம்மா அறைக் கதவுக்கு நேராகப் போய் நின்றுகொண்டேன். நகரச் சொன்னார்கள். நகர்ந்து, திரும்பவும் அங்கேயே வந்து நின்றேன். ஒரு மணிக்கு அவர் கிளம்பிவிடுவார். பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. பட்டாணி பெஞ்சில் அப்பா தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். கடைசி ஆள் வெளியே வந்து கதவு மூடுவதற்குள் காலை உள்ளே வைத்துவிட்டேன்.

டாக்டரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றார். "நீங்களா? என்ன ஆச்சு?"

"போன வாரம் நான் சொன்னது பொய் டாக்டர்."

மூன்று சட்டைகளையும் உள்பக்கம் திருப்பி மேஜையில் வைத்தேன். அளவு நோட்டையும் பக்கத்தில் வைத்தேன். நாங்கள் வலது கையில் மட்டும்தான் அளவெடுப்போம், துணியை மடித்து வெட்டுவோம், இடது கையை நான் அளந்ததே இல்லை, மருந்துக்குப் பயந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எந்தச் சட்டை எந்த அளவுக்குத் தைச்சது?" என்று கேட்டு, நோட்டிலிருந்த ஒவ்வொரு எண்ணிலிருந்தும் மடிப்பைக் கழித்து ஒரு தாளில் எழுதினார். தாளை என் பக்கம் திருப்பினார்.

பதினாறே கால். பதினாறரை. பதினாறரை.

"கடைசி ஆறு மாசமா இந்தக் கை வளரவே இல்லம்மா," என்றார். "நோய் ஓடிட்டுத்தான் இருக்கு. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா…" முடிக்காமல் நிறுத்திவிட்டார். முடிக்காததே எனக்குப் போதும்.

இதற்குள் என் வீட்டுக்காரர் பட்டாணியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தார். டாக்டரம்மா முதல் சட்டையை எடுத்து, நீல நூல் தையலை அவளிடம் காட்டினார்.

"இது நீ தைச்சதா கண்ணு?"

பட்டாணி தலையாட்டினாள்.

"நல்ல வேலை பண்ணியிருக்கே. இதை வெச்சுத்தான் உன் கையைக் காப்பாத்தப் போறோம். ஆனா சட்டைக் கை பெருசா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல? அம்மா டெய்லர்தானே, ஒரு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பாங்களே?"

பட்டாணி என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தாள்.

"கிளாஸ்ல சொன்னாங்க. உங்கம்மா ஒரு கையைப் பெருசா, ஒரு கையைச் சின்னதா தைச்சிருக்காங்க, உங்கம்மாவுக்குத் தைக்கவே தெரியலன்னு." அவள் குரல் உள்ளே போயிற்று. "எல்லாரும் எங்கம்மாகிட்டதான் யூனிஃபார்ம் தைக்கறாங்க. எங்கம்மா தப்பா தைச்சிட்டாங்கன்னு தெரிஞ்சா யாரும் தர மாட்டாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவாங்க. அதான் யாருக்கும் தெரியாம மடிச்சுத் தைச்சிட்டேன்."

"போன வாரம் இங்க வந்தப்பகூடச் சொல்லலையே?"

"சொல்லத்தான் வந்தேன். அம்மா எல்லா அளவும் சரியா எடுத்தேன்னு உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க. உங்க முன்னாடி எப்படிச் சொல்றது?"

ஒரு வருடத்துக்கு மேலாக இந்தப் பிள்ளை, தன் கை வளரவில்லை என்று தெரியாமல், அம்மாவின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று உட்கார்ந்து தைத்திருக்கிறாள். ஊசி குத்தி எத்தனை தடவை ரத்தம் வந்ததோ. என் கண்ணளவைப் பற்றி நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட பேச்சை வேறு யார் நம்பினார்களோ இல்லையோ, அவள் நம்பியிருக்கிறாள். நான் அந்த அறையிலேயே, டாக்டரம்மா முன்னாலேயே, வாய்விட்டு அழுதேன். பட்டாணி, "பார்த்தீங்களா, அழறாங்க," என்று டாக்டரிடம் புகார் சொன்னாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்து, நான்கு நாளில் மருந்து ஆரம்பித்தார்கள். சின்ன விஷயமில்லை. ஊசி போட்ட மறுநாள் எல்லாம் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினாள். இரண்டு தடவை காய்ச்சல் வந்து பள்ளிக்கூடம் போகவில்லை. மாத்திரையால் முகம் உப்பிப்போய், நிஜமாகவே பட்டாணி ஆனாள். தினமும் சாயங்காலம் அவள் முழங்கையைப் பிடித்து நீட்டப் பழக்க வேண்டும், வலிக்கும், என்னைத் திட்டுவாள். திட்டு வாங்கிக்கொண்டே நீட்டினேன். அடுத்த அளவெடுக்கும் நாள் வரைக்கும் நடுவில் டேப்பைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொட்டுவிட்டு அளவு கூடவில்லை என்றால் மறுநாள் ஊசிக்கு அவளைக் கூட்டிப்போக எனக்குத் தெம்பிருக்காது.

ஆறு மாதம் கழித்து, புதுச் சட்டைக்கு அவளைக் கடையில் நிறுத்தினேன். காஜா அக்கா ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். முதலில் வலது கை. பதினெட்டு. நோட்டில் எழுதினேன். இடது கையில் தோளில் டேப்பை வைத்து, கோட்டின் மேலேயே இறக்கி, முழங்கையில் விரலால் அழுத்திப் பிடித்து, மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தேன். எண்ணைப் பார்க்கப் பயந்து, "அக்கா, நீங்க படிங்க," என்றேன்.

"பதினேழு," என்றாள் அக்கா.

பதினாறரை இல்லை, பதினேழு. அந்த ஒரு இஞ்சு போனது போனதுதான், அது திரும்பவில்லை. ஆனால் கை வளர ஆரம்பித்திருந்தது. பதினேழு என்று எழுதி, பக்கத்தில் இடது என்றும் எழுதினேன். எழுத்து கோணலாகப் போயிற்று, அடித்துத் திருத்தவில்லை.

அன்றைக்குத் துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்தேன். வலது கையைத் தனியாக வெட்டினேன், இடது கையைத் தனியாக வெட்டினேன். இரண்டும் அரைக்கை இல்லை, முழுக்கைதான். அவளே கேட்டாள். மறைக்க இல்லையாம், பழகிவிட்டதாம். தைத்து முடித்து, காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். இரண்டு விளிம்பும் இரண்டு மணிக்கட்டிலும் சரியாக நின்றன. இடது கை விளிம்பை உள்பக்கம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தாள். மடிக்க அங்கே ஒன்றுமில்லை.

"இப்பதாம்மா நீ கரெக்டா தைச்சிருக்கே," என்றாள்.